செயின் வண்டியும் சின்ன மாப்பிள்ளையும்

உலகத்தில் பாதிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் அதை இன்னும் வெளியே காட்டிக்கொள்ளாதவர்கள் என்பது பெரிய மாப்பிள்ளையின் கணக்கு. இந்தக் கணக்கில் அவர் எந்தப் பாதி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கேட்டவரை முதல் பாதியில் சேர்த்திருப்பார்.

பண்ணை அவருடையதில்லை, மாமியாருடையது. ஆண் வாரிசு இல்லாத வீடு. இரண்டு பெண்கள், இரண்டு மருமகன்கள். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை என்று மாமியார் கூப்பிட ஆரம்பித்து, பால் வண்டி ஓட்டி வருபவர் வரை அப்படியே கூப்பிட்டார்கள். வரிசையாக நீண்ட கொட்டகைகள், அவற்றின் சிமென்ட் தரை, அதற்கு அப்பால் மாடுகள் வெயில் காய நிற்கும் திறந்தவெளிப் பட்டி. மழைக்காலத்தில் அந்தப் பட்டி முழங்கால் அளவு சேறாகிவிடும். மாடுகள் அதில் நின்று சாணமும் போட்டு மிதித்துக் குழைத்து வைத்திருக்கும்.

இதையெல்லாம் வழித்துத் தள்ளிக்கொண்டிருந்த பழைய லோடர், தீவனத் தொட்டிக்கு எதிரே ஒருநாள் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. நின்றது நின்றதுதான். சிறிய வண்டிதான் அது. ஓர் ஆள் உட்காரும் கூண்டு, முன்னால் பக்கெட், இரண்டு பக்கமும் இரும்புக் கைகள். திருப்ப ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுற்றும். அந்தச் சின்ன வண்டி நின்றதும் பண்ணையே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி ஆனது.

புதிது வாங்க வேண்டும். டயர் வைத்ததா, டயருக்குப் பதில் பீரங்கி வண்டி போல ரப்பர் செயின் சுற்றியதா என்பதில் வந்தது வினை.

"டயர் வண்டி போதும் அத்தை," என்றார் சின்ன மாப்பிள்ளை. "முக்கால்வாசி வேலை கொட்டகைக்குள்ளதான். சிமென்ட் தரை. டயர் தேஞ்சா மாத்திக்கலாம், பஞ்சர் ஆனாலும் நம்ம ஊர்லயே ஒட்டிடலாம்."

"போதும்னு சொல்றதுக்கு இது என்ன இலையில விழுற சாப்பாடா?" என்றார் பெரிய மாப்பிள்ளை. "மழை பெஞ்சா பட்டிக்குள்ள டயர் வண்டி எப்படிப் போகும்? நீ தோள்ல தூக்கிட்டுப் போவியா சகலை?"

"மழை வருஷம் பூரா இல்லையே அண்ணே."

"இவருக்கு வானிலையும் தெரியும். துணிக்கடையில சட்டை மடிக்கிற வேலைக்கு வானிலைப் படிப்பும் கேட்டாங்க போல."

சின்ன மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன் துணிக்கடையில் வேலை பார்த்தவர். பண்ணைக்கு வந்து எத்தனையோ கன்றுகளை இழுத்துப் போட்டு, எத்தனையோ மடிக்காம்புகளுக்கு மருந்து தடவிய பிறகும் அந்தச் சட்டை அவரை விடவில்லை. தீவனச் சாக்கை நான்காக மடித்து அடுக்கினால், "பார்டர் வெளியில தெரியுதா பாரு" என்பார் பெரியவர். கன்றுக்குட்டிக்குப் புட்டி காட்டினால், "சைஸ் கேட்டியா?" என்பார். முதல் தடவை சின்னவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் பெரியவருக்கு ஆத்திரம். வீசிய கல் குளத்தில் விழுந்து சத்தமே வராவிட்டால் வீசியவருக்குக் கைதான் வலிக்கும்.

மாமியார் சன்னலோரம் நாற்காலியில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேர் சத்தத்துல மாடு பாலைச் சுரக்க மாட்டேங்குது," என்றார். "என் கால் போயிடுச்சு, இனிமே என்னால ஓடியாடிப் பார்க்க முடியாது. இந்தப் பண்ணைக்கு ரெண்டு வாய் ஆகாது. ரெண்டு வண்டியையும் கொண்டாந்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. யார் சொன்ன வண்டி தேறுதோ, பண்ணைப் பொறுப்பு அவருக்கு. இன்னொருத்தர் அதுக்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

கல்யாணமான நாளிலிருந்து பெரிய மாப்பிள்ளை காத்திருந்த வார்த்தை அது. மூத்த மருமகன் என்று பெயர்தான், ஆனால் ஒரு மூட்டை தவிடு வாங்கவும் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதைவிட, சட்டை மடித்தவரின் யோசனையையும் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்குச் சம்மதம்," என்றார். "சகலைக்குத்தான் பயமா இருக்கும்."

"எனக்கும் சரி அத்தை," என்றார் சின்னவர்.

இரண்டு நாளில் இயந்திரக் கம்பெனியின் சேல்ஸ்காரர் பெரிய லாரியில் இரண்டு வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையும் மெருகேறிய ஷூவுமாக மாட்டுப்பண்ணைக்கு வந்த அந்த இளைஞரைப் பார்த்ததுமே பெரிய மாப்பிள்ளை அவரைத் தம் கணக்கில் எந்தப் பாதி என்று முடிவு செய்துவிட்டார். பாவம், அவரும் கடமைக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"சார், செயின் வண்டியைச் சிமென்ட் தரையில நின்ன இடத்துலேயே சுத்தாதீங்க. ரப்பர் தேஞ்சிடும். முன்ன பின்ன எடுத்துத் திருப்புங்க. அப்புறம் ஒண்ணு, இது முக்கியம் சார். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அடியில செயினை உருட்டுற ரோலருங்களுக்கு நடுவுல சேர்ற சேறு, சாணி எல்லாத்தையும் சுரண்டி எடுத்துத் தண்ணி அடிச்சிடணும். காஞ்சு இறுகிட்டா ரோலர் சுத்தாது. செயின் போயிடும்."

"தம்பி, பல்லு எப்படித் தேய்க்கணும்னும் சொல்லிட்டுப் போயிடு. காலையிலேருந்து குழப்பமா இருக்கு," என்றார் பெரியவர்.

சேல்ஸ்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் லாரியில் ஏறிப் போனார்.

கடவுள் சில சமயம் கர்வம் பிடித்தவர்களுக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறார். அது அவருடைய விளையாட்டா வைத்தியமா என்று நமக்குத் தெரிவதில்லை. அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் விடிந்தபோது பட்டி முழுவதும் கறுப்புக் கூழாகத் தளதளத்தது.

பெரிய மாப்பிள்ளை செயின் வண்டியில் ஏறினார். ஏறினவர் இறங்கவில்லை. அந்த வண்டி சேற்றின்மீது மிதந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய லோடர் புதைந்து புதைந்து அழுத இடங்களில் இது பரந்த காலை வைத்து அலுங்காமல் போயிற்று. ஒரு பக்கெட் நிறைய அள்ளிக் குழியில் கொட்டிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவர் மாமியாரின் சன்னலை ஒரு பார்வை பார்த்தார். கொட்டகைக்குள் வந்தபோது, யாரும் கேட்காமலே சிமென்ட் தரையில் நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டினார். மாடுகள் மிரண்டு தலையைத் தூக்கின. தரையில் கறுப்பு ரப்பர் வட்டம் விழுந்தது.

டயர் வண்டி கொட்டகைக்குள் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வரிசைக்கு வரிசை சத்தமில்லாமல் வழித்து வந்தது. ஆனால் பட்டியின் ஓரத்தில் ஒரு பசு கன்று ஈனும் நிலையில் சேற்றில் படுத்துவிட, அதற்கு வைக்கோல் கொண்டுபோக வேண்டி வந்தபோது சின்ன மாப்பிள்ளை டயர் வண்டியோடு உள்ளே போனார். வைக்கோலைப் போட்டார். திரும்பினார். நான்கு டயரும் சுற்றின, வண்டி மட்டும் நகரவில்லை. மேலும் கொஞ்சம் சுற்றியதில் வண்டி வயிறு வரை உட்கார்ந்துவிட்டது.

பெரிய மாப்பிள்ளை செயின் வண்டியை அவர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். இழுத்துவிடவில்லை. இன்ஜினை அணைத்தார். கூண்டுக்குள் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"என்ன சகலை, நாத்து நடுறியா?"

"மாட்டிக்கிச்சு அண்ணே. சங்கிலி போட்டு இழுத்துடுங்க."

"அவசரம் என்ன? காத்து நல்லா வருது. அத்தை பார்க்கறாங்களான்னு பாரு. பார்க்கலேன்னா கையை ஆட்டு."

"அண்ணே, மாடு வலியில இருக்கு. நான் போய்க் கன்னுக்குட்டியைப் பிடிக்கணும்."

"அப்போ நடந்து போ. உன் வண்டி இங்க இளைப்பாறட்டும். வட்டமா இருக்கறதெல்லாம் உருளும்னு நினைச்சியே, உருளச் சொல்லு."

சின்னவர் கீழே குதித்தார். தொடை வரை இறங்கியது. ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. அப்படியே ஒற்றைச் செருப்போடு பசுவிடம் போனார். பெரியவர் அந்தக் காட்சியை வீட்டு வாசல் வரை கேட்கும்படி விவரித்துச் சிரித்தார். அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, இழுத்துத்தான் விடுங்களேன்," என்றாள். சன்னலில் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பெரியவர் தம் பக்கம் எழுதிக்கொண்டார். கன்று நல்லபடியாகப் பிறந்த பிறகுதான் சங்கிலியைப் போட்டு இழுத்தார். அதுவும் ஒரு பேச்சுப் பேசிவிட்டு.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவருக்கு ஒரு வாய்க்கு இரண்டு வாய் இறங்கியது. பொறுப்பு கைக்கு வந்த மாதிரிதான். சுரண்டிக் கழுவும் விஷயம் அவர் நினைவில் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. வந்த வேகத்திலேயே போனது. சாணி சுரண்டுவது பொறுப்பில் இருப்பவர் செய்யும் வேலையா? பால் கறப்பவர்களில் ஒருவரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கையைக் கழுவிவிட்டார்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. ரோலர்கள் பளிச்சென்று ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

"அந்த வெள்ளைச் சட்டைக்காரன் நம்மளைப் பயமுறுத்தியிருக்கான் அத்தை," என்று மாமியாரிடம் போய்ச் சொன்னார். "கழுவணும், சுரண்டணும்னு பெரிய கதை. இந்த வண்டியில சேறு ஒட்டுறதே இல்லை. ஓடற ஓட்டத்துல தானே உதிர்ந்துடுது. சோம்பேறிக்குத்தான் இதெல்லாம் சாக்கு. நம்ம வீட்டுலயும் ஒருத்தர் டயர் போதும்னு சொன்னாரே, அதுவும் இந்தச் சோம்பல்தானே?"

அப்போது சின்ன மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பெரியவர் முகத்தைப் பார்த்தார். மாமியார் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லை அத்தை," என்று திரும்பிவிட்டார்.

"பாருங்க, பேச்சு வரலை," என்றார் பெரியவர்.

இரும்பும் ரப்பரும் சேர்ந்த ஒரு யந்திரம், பசைபோல் ஒட்டும் சாணத்தை ராத்திரியில் தானே உதிர்த்துக்கொள்ளும் என்று சிந்திக்கத் தெரிந்த ஒருவர் நம்பினார் என்றால் நம்பத்தான் வேண்டும். பிறரெல்லாம் நமக்குக் கீழே என்று முடிவு செய்துவிட்டவருக்குத் தம் கண்முன் நடக்கும் வேலையும் தெரிவதில்லை. எல்லாம் தானாகவே நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

வாரம் முடியும் மாலை. பெரிய மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கூண்டிலேயே மறந்துவிட்டார். எடுக்கப் போனபோது வெளிச்சம் மங்கியிருந்தது. செயின் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. ஒரு காலில் பழைய செருப்பு, மறு காலில் ஜோடி சேராத புதுச் செருப்பு. சின்ன மாப்பிள்ளைதான். இரும்பில் இரும்பு உரசும் சத்தம்.

செயினை இறுக்கி வைக்கும் கிரீஸ் முனை அங்கேதான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதைத் தளர்த்திவிட்டால் நாளைக் காலை ஓட்டும்போது செயின் கழன்றுவிடும். மாமியார் முன்னால் கழன்றுவிடும்.

சத்தம் காட்டவில்லை. திரும்பி வீட்டுக்கு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அத்தை, எழுந்து வாங்க. எல்லாரும் வாங்க. வந்து உங்க சின்ன மாப்பிள்ளை பண்ற வேலையைக் கண்ணால பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

"என்னங்க ஆச்சு?" என்றாள் அவர் மனைவி.

"என் வண்டியைக் கெடுக்கிறான். நியாயமா ஜெயிக்க முடியலை, அடியில பூந்து கெடுக்கிறான். சட்டை மடிச்சவன் புத்தி எங்க போகும்?"

மாமியார் இரண்டு பெண்களின் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து வந்தார். சின்னவள் வழியெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தாள்.

"வெளியில வாடா!" என்றார் பெரியவர்.

கால்கள் அசைந்தன. முதலில் ஒரு குட்டைக் களைக்கொத்து வெளியே வந்தது. பிறகு ஒரு பழைய தகரப் பட்டை. பிறகு சின்ன மாப்பிள்ளை. தலைமுடியிலும் காதிலும் கழுத்து மடிப்பிலும் சாணம். பக்கத்தில் ஒரு கூடை நிறைய, ரோலர் இடுக்கிலிருந்து கட்டி கட்டியாகப் பெயர்த்தெடுத்தது. இவ்வளவு பேரைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார்.

"அத்தை, நீங்க ஏன் நடந்து வந்தீங்க? கால் என்னத்துக்கு ஆகும்?"

மாமியார் கூடையைப் பார்த்தார். வண்டியின் அடியைப் பார்த்தார். ஒரு பக்கம் கழுவிச் சுத்தமாக இருந்தது. மறுபக்கம் ரோலரே தெரியாமல் அப்பியிருந்தது.

"எத்தனை நாளா மாப்பிள்ளை இது?"

"வண்டி வந்ததுலேருந்து."

"தினமுமா?" என்றார் பெரியவர். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"தினமும்தான் அத்தான்," என்று இப்போது சின்னவள் வாயைத் திறந்தாள். "குழந்தை தூங்கினப்புறம்தான் வீட்டுக்குள்ள வர்றார். நாத்தம் போக மூணு தடவை சோப்புப் போட வேண்டியிருக்கு. யாருக்காகன்னு கேட்டா பதில் கிடையாது."

"ஏன்டா?" என்றார் பெரியவர். "நான் தோத்தா உனக்குத்தானே லாபம்?"

சின்னவர் முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். அதில் இருந்த சாணம் இன்னும் பரவியது.

"சேத்துல இது நல்லாத்தானே ஓடுது அண்ணே. கழுவாம ரோலர் சிக்கி நின்னுபோனா, நீங்க சொன்னது தப்புன்னு ஆயிடும். அது தப்பில்லையே."

"அப்போ என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அத்தைகிட்ட 'தானே உதிருது'ன்னு சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல புகுந்து எப்படிச் சொல்றது? உங்க முகம் என்னாகும்?"

மாமியார் பெரிய மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அது அந்த அம்மாளின் கருணை. "காலையில சேல்ஸ்காரர் வருவார்," என்றார். "எந்த வண்டின்னு அப்போ சொல்லுங்க. சொன்ன சொல்லு மாறாது. ஜெயிச்ச வண்டியைச் சொன்னவருக்குத்தான் பொறுப்பு." பெண்களைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

பெரியவர் மட்டும் நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சின்னவர் மறுபடி வண்டிக்கு அடியில் படுக்கப் போனார்.

"கொத்தை இங்க குடு," என்றார் பெரியவர்.

"வேண்டாம் அண்ணே, சட்டை—"

"சட்டையைப் பத்தி என்கிட்ட பேசாதே. குடு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். கொத்து ஒரு கட்டியைப் பெயர்த்தது. அது அவர் வாயோரம் விழுந்தது. ஈரமும் புழுக்கமும் மூச்சை அடைத்தன. ரோலருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கை போகும் அளவுதான் இடம். நடுவில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தது. அதைத் தகரப் பட்டையால் நெம்பி எடுக்க அவருக்கு முதுகு விட்டுப்போனது. விரல் கணு கிழிந்தது.

"அங்க இல்லை அண்ணே, அதுக்கு மேல. முதல்ல மேல எடுத்தாத்தான் கீழ வரும்."

"தெரியும். எனக்கு வழி சொல்லாதே." கொஞ்ச நேரம் கழித்து, "எங்க மேல?" என்றார்.

ஒரு பக்கம் முடிவதற்குள் அவர் வெளியே வந்து மல்லாந்து படுத்துவிட்டார். மூச்சு இரைத்தது. கொல்லன் துருத்தி போல வயிறு ஏறி இறங்கியது. சின்னவர் தண்ணீர்க் குழாயை அவர் கையில் கொடுத்தார். அந்தக் கேலிக்காரரின் முகத்தில் அப்படி ஒரு கோலம் இருந்தும் சின்னவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காமை, வேறு எந்தச் சிரிப்பும் குத்தியிராத இடத்தில் பெரியவரைக் குத்தியது.

காலையில் சேல்ஸ்காரர் வந்தார். மாமியார் நாற்காலியைத் தாழ்வாரத்தில் போடச் சொல்லியிருந்தார்.

"சொல்லுங்க," என்றார்.

"சேத்துக்குச் செயின்தான் சரி அத்தை. நான் டயரோட மாட்டிக்கிட்டேன், அதை எல்லாரும் பார்த்தாங்க," என்று சின்னவர் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு," என்றார் பெரிய மாப்பிள்ளை. மாமியாரிடம் திரும்பினார். "செயின் வண்டி நல்ல வண்டி. ஆனா அதை வாங்கினா தினம் சாயங்காலம் யாராவது அடியில படுக்கணும். நான் படுக்க மாட்டேன். இன்னைக்கு வீம்புக்குப் படுப்பேன், அடுத்த வாரம் மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். கடைசியில இவன்தான் படுப்பான், கேட்கவும் மாட்டான். அவனோட சாயங்காலத்தைத் தின்னுற வண்டி இந்தப் பண்ணைக்கு வேண்டாம். டயரே வாங்குங்க. மழை நாள்ல பட்டியை வழிக்காம விட்டா மாடு சாகாது. மேடாக்கி மண்ணடிச்சுக்கலாம்."

"அப்போ பொறுப்பு?"

"அதான் நீங்க சொல்லிட்டீங்களே." வார்த்தையைத் தள்ளித்தான் வெளியே விட்டார். "டயர் சொன்னவருக்கு."

பெரியவர் மனைவி கதவோரம் நின்று தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. மாமியார் தலையை மட்டும் அசைத்தார்.

டயர் வண்டி தங்கியது. சேல்ஸ்காரர் செயின் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டினார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யப் போனபோது பெரிய மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். லாரியைச் சுற்றி வந்து எக்கி நின்று, இடது பக்கத்துக் கடைசி ரோலரை உற்றுப் பார்த்தார். இருட்டில் விட்டுப்போன ஒரு பிடி சாணம் காய்ந்திருந்தது.

"பரவாயில்லை சார், அங்க யார்டுல வண்டி கழுவுற ஆள் இருக்கார். அவர் பார்த்துக்குவார்," என்றார் சேல்ஸ்காரர்.

"அந்த ஆளுக்கு வீடு கிடையாதா?" என்றார் பெரியவர் எரிச்சலாக.

பிறகு லாரியின் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறி, கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் அதைப் பெயர்க்க ஆரம்பித்தார். சேல்ஸ்காரர் தம் மெருகேறிய ஷூவைப் பார்த்தார். யோசித்தார். பிறகு ஒரு பக்கம் இடம் விட்டு அவரும் ஏறினார்.